மணிக்கு 80 சென்ட்: தஞ்சம் கோரியவர்களின் கட்டாய வேலை பற்றி ஓர் எளிய விளக்கம்

2024 பிப்ரவரியில் ஜெர்மனியின் தூரிங்கியா மாநிலத்தில் உள்ள சாலே-ஓர்லா மாவட்டம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. சில வாரங்களுக்கு முன்புதான் மாவட்ட நிர்வாகத் தலைவராகத் தேர்வாகியிருந்த கிறிஸ்டியான் ஹெர்கொட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தஞ்சம் கோரி வந்து மாவட்ட முகாம்களில் தங்கியிருப்பவர்கள் இனி வேலை செய்தே ஆக வேண்டும். முகாமைச் சுத்தம் செய்வது, பனி அள்ளுவது, புதர் வெட்டுவது மாதிரியான வேலைகள். நாளைக்கு நான்கு மணி நேரம், மணிக்கு 80 சென்ட். மறுத்தால் மாத உதவித்தொகையில் 180 யூரோ வரை வெட்டு விழும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு ஐந்து நாள், மாதத்துக்கு நான்கு வாரம் என்றால் 80 மணி நேர வேலை. கைக்கு வருவது 64 யூரோ. அதே 2024இல் ஜெர்மனியில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. அந்தக் கூலியில் அதே 80 மணி நேரத்துக்கு 992 யூரோ 80 சென்ட் கிடைத்திருக்கும்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கும் நாட்டில் இது எப்படி நடக்கிறது? அந்த மாவட்டம் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. 1993 முதல் இருக்கும் ஒரு சட்டப் பிரிவைக் கையில் எடுத்தது, அவ்வளவுதான். ஆளைக் கட்டாயப்படுத்தும்போது அந்தப் பிரிவு இதை வேலையாகப் பார்க்கிறது. அவர் கூலியும் ஓய்வூதியமும் கேட்கும்போது இது வேலையே இல்லை என்கிறது. எனக்குச் சிக்கல் அங்கேதான். தஞ்சம் கோரியவர் வேலை செய்யலாமா என்ற கேள்வியே எனக்கு இல்லை. செய்யலாம், பெரும்பாலானவர்கள் செய்யத் துடிக்கிறார்கள்.

சொந்தமாக வேலை தேடிக்கொள்ள முடியாதா?

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சொந்த நாட்டில் உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து என்று வேறொரு நாட்டில் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருப்பவர் தஞ்சம் கோருபவர். ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் பேச்சில் 'அசூல் அடித்தவர்'. விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகுதான் சட்டத்தின் பார்வையில் அவர் அகதி. வேலை விஷயத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம், ஒரு நாட்டில் சட்டப்படி தங்கியிருக்கும் அகதிக்குக் கூலி, வேலை நேரம், சமூகக் காப்பீடு ஆகியவற்றில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையான உரிமை தரச் சொல்கிறது. முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை. காத்திருப்பு சில மாதமாகவும் இருக்கலாம், மேல்முறையீடு என்று போனால் பல வருடமாகவும் ஆகலாம்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் வேலைத் தடை உண்டு. ஜெர்மனியில் முதலில் எல்லோரும் ஒரு வரவேற்பு முகாமில் தங்க வேண்டும். 2024இல் வந்த விதிப்படி, அங்கே தங்க வேண்டிய கடமை இருக்கும்வரை பொதுவாக ஆறு மாதம் வேலைக்குப் போகக் கூடாது. 2024க்கு முன் இது பலருக்கு ஒன்பது மாதமாக இருந்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வேலைக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 'பாதுகாப்பான நாடு' என்று ஜெர்மனி பட்டியலிட்ட அல்பேனியா, செர்பியா, கானா போன்ற நாடுகளிலிருந்து வந்து, 2015 ஆகஸ்ட் 31க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு அனுமதி கிடைப்பதே இல்லை என்று சொல்லலாம்.

இது ஈழத் தமிழர்களுக்குப் பழைய கதை. 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்குள் வந்து தஞ்சம் கேட்டவர்களில் இலங்கைத் தமிழர்கள் ஏராளம். அன்றைய மேற்கு ஜெர்மனி தஞ்சம் கோருவோருக்கு 1980இல் ஒரு வருட வேலைத் தடை விதித்தது. 1982இல் அது இரண்டு வருடமானது. 1987இல் ஐந்து வருடம். வேலை தேடித்தான் வருகிறார்கள், வேலை கிடைக்காவிட்டால் வர மாட்டார்கள் என்பது அரசின் கணிப்பு. ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்ததை அந்தக் கணிப்பு கணக்கில் எடுக்கவில்லை. பலர் உணவகச் சமையலறைகளில் வேலை அனுமதிக் காகிதமில்லாமல் பாத்திரம் கழுவியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். தடை 1991இல் நீக்கப்பட்டது. அப்புறம் வேறு வேறு வடிவங்களில் திரும்ப வந்தது.

வேலைத் தடை தவிர்க்க முடியாத ஒன்று என்று யாராவது சொன்னால் 2022ஐ நினைவுபடுத்தலாம். உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்தபோது ஜெர்மனி அவர்களுக்கு வேலை அனுமதியையும் உடனே கொடுத்தது. அது மிகச் சரியான முடிவு. அதே கதவை மற்றவர்களுக்குத் திறக்காமல் வைத்திருப்பது ஒரு தேர்வு என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு மார்க்கிலிருந்து எண்பது சென்டுக்கு

1992இல் ஜெர்மனியில் 4,38,191 தஞ்ச விண்ணப்பங்கள் வந்தன. அந்த ஆகஸ்டில்தான் ரோஸ்டாக் நகரின் லிக்டன்ஹாகன் பகுதியில் வெளிநாட்டவர் தங்கியிருந்த கட்டடத்துக்கு, வேடிக்கை பார்த்த கூட்டம் கைதட்டத் தீ வைத்தார்கள். அரசியல் கட்சிகள் அந்த வன்முறைக்குத் தந்த விடைகளில் ஒன்று, தஞ்ச உரிமையைச் சுருக்கியது. 1993இல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 1இல் தஞ்சம் கோருவோர் உதவிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மற்ற ஏழைகளுக்கு இருந்த பொதுச் சமூக உதவியிலிருந்து தஞ்சம் கோருவோரைத் தனியே பிரித்து, அவர்களுக்குக் குறைவான தொகை என்று வைத்த சட்டம் இது.

அதன் 5ஆம் பிரிவு 'வேலை வாய்ப்புகள்' பற்றியது. முகாமுக்குள்ளேயும், அரசு, நகராட்சி, பொதுநலத் தொண்டு அமைப்புகளிலும் தஞ்சம் கோருவோருக்கு வேலை கொடுக்கலாம். உடல் தகுதி உள்ள, வேறு வேலையில்லாத, பள்ளி வயதைக் கடந்தவர் கொடுத்த வேலையைச் செய்யக் கடமைப்பட்டவர். அதற்குச் செலவு ஈட்டுத்தொகை மணிக்கு 2 மார்க் (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் பணம்) என்று இருந்தது. யூரோ வந்ததும் அது 1.05 யூரோ ஆனது. 2016இல் ஒருங்கிணைப்புச் சட்டம் என்ற பெயரில் வந்த திருத்தம் அதை 80 சென்டாகக் குறைத்தது. 1993இல் கொடுத்ததைவிட 2016இல் கொடுத்தது எண்ணிக்கையிலேயே குறைவு. இடையில் 23 வருட விலைவாசி உயர்வு இருக்கிறது.

ஏன் குறைத்தார்கள்? சட்டம் இதைக் கூலி என்று சொல்லாததே காரணம். வேலைக்குப் போய்வரும் சிறு செலவை ஈடுகட்டும் தொகை என்கிறது. முகாமிலேயே வேலை செய்தால் பேருந்துச் செலவு இல்லை, உடுப்பும் கருவியும் அவர்களே தருகிறார்கள், ஆகவே செலவு குறைவு என்பது வாதம். அதிகம் செலவானது என்று நிரூபித்தால் அதிகம் கேட்கலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. வேலை செய்த மனிதரின் நேரத்துக்கும் களைப்புக்கும் என்ன விலை என்ற கேள்வியே அந்தப் பிரிவில் எழவில்லை.

2024இல் வந்த திருத்தம் இன்னொரு வேலியையும் பிடுங்கியது. அதுவரை, முகாமுக்கு வெளியே கொடுக்கும் வேலை மற்றபடி நடக்காத, கூடுதல் வேலையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை 80 சென்டுக்குத் தள்ளிவிடாமல் இருக்கத்தான் அந்த நிபந்தனை. இப்போது வேலையின் பலன் பொதுமக்களுக்குப் பயன்பட்டால் போதும். பூங்காவைப் பராமரிக்கும் நகராட்சி ஊழியருக்கு இது நல்ல செய்தி இல்லை. தஞ்சம் கோருவோரின் உரிமை தனக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்கும் உள்ளூர்த் தொழிலாளி இந்த ஒரு திருத்தத்தையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

வேலை உண்டு, தொழிலாளி இல்லை

5ஆம் பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு சிறியது. எளிய தமிழில் அது சொல்வது இதுதான்: இந்த வேலையால் தொழிலாளர் சட்டத்தின் பொருளில் ஒரு வேலை உறவு ஏற்படாது, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியக் காப்பீடு ஆகியவற்றின் பொருளிலும் ஏற்படாது. தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் மட்டும் பொருந்தும். தவறுதலாக ஏதாவது உடைந்தால் முழு நஷ்டத்தையும் வேலை செய்தவர் தலையில் கட்டக் கூடாது என்ற விதியும் பொருந்தும்.

மற்ற எல்லாம் இதனால் போய்விடுகிறது. வேலை உறவு இல்லை என்பதால் குறைந்தபட்சக் கூலி இல்லை. சம்பளத்தோடு விடுப்பு இல்லை, நோய்க்கால ஊதியம் இல்லை, வேலை நீக்கப் பாதுகாப்பு இல்லை. மருத்துவக் காப்பீட்டுச் சந்தா கட்டப்படுவதில்லை. தஞ்சம் கோருவோருக்குத் தொடக்க காலத்தில் கிடைப்பது கடுமையான நோய்க்கும் வலிக்கும் மட்டுமான சுருக்கப்பட்ட மருத்துவம். அந்தத் தொடக்க காலத்தை 2024இல் 18 மாதத்திலிருந்து 36 மாதமாக நீட்டினார்கள். தினமும் நான்கு மணி நேரம் ஊருக்குப் பனி அள்ளினாலும் இந்த நிலை மாறாது.

எனக்கு இதில் மிக வலிப்பது எதிர்காலத்தைத் தொடும் இழப்பு. ஜெர்மனியில் நிரந்தர வதிவிட அனுமதிக்கான வழக்கமான வழி 60 மாத ஓய்வூதியச் சந்தாவைக் கேட்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, திருப்பி அனுப்பாமல் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளப்படுபவர்கள் வேலையைக் காட்டித் தங்கும் வழி ஒன்று உண்டு. அதுவும் காப்பீட்டுச் சந்தா கட்டிய வேலை பன்னிரண்டு மாதமாவது இருந்ததா என்று பார்க்கிறது. 80 சென்ட் வேலையை எத்தனை வருடம் செய்தாலும் இந்தக் கணக்குகளில் ஒரு மாதம்கூடச் சேராது. உழைத்து இங்கே காலூன்று என்று சொல்லிக்கொண்டே, காலூன்ற உதவாத வகை உழைப்பாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

அதே உட்பிரிவில் இன்னொரு வாசகமும் உண்டு. தஞ்சச் சட்டத்தின் வேலைத் தடை இந்த வேலைக்குத் தடையாக இராது என்கிறது அது. சம்பளம் தரும் பேக்கரியில் வேலை செய்ய ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய ஒருவர், 80 சென்டுக்கு முகாம் கழிவறை கழுவக் காத்திருக்க வேண்டியதில்லை. தடை அவர் உழைப்பதைத் தடுக்கவில்லை. உழைத்துச் சம்பாதிப்பதைத்தான் தடுக்கிறது.

இது கட்டாய உழைப்பா?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு 29ஆம் ஒப்பந்தம் தரும் வரையறையில் இரண்டு அம்சங்கள் உண்டு. தண்டனை மிரட்டலின் கீழ் வாங்கப்படும் வேலை, அந்த மனிதர் தானாக முன்வராத வேலை. இரண்டும் சேர்ந்தால் கட்டாய உழைப்பு. ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னும் நேரடியாகப் பேசுகிறது. எல்லோருக்கும் சமமாகப் பொருந்தும் மரபான பொதுச் சேவைக் கடமை தவிர, யாரையும் குறிப்பிட்ட ஒரு வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது. நாஜி ஆட்சியில் லட்சக்கணக்கானவர்களைக் கட்டாய உழைப்பில் கசக்கிய நாடு 1949இல் எழுதிக்கொண்ட வரி அது.

80 சென்ட் வேலையைக் காப்பவர்களின் சட்ட வாதம் இப்படிப் போகிறது. யாரும் உங்களைத் துப்பாக்கி முனையில் வேலைக்கு அழைத்துப் போகவில்லை, மறுத்தால் சிறையும் இல்லை. அரசு தரும் உதவிக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது, அவ்வளவுதான். இந்த வாதத்துக்கு வலு இல்லாமல் இல்லை. நெதர்லாந்தில் பொருத்தமில்லாத வேலையையும் ஏற்க வேண்டும், இல்லையென்றால் உதவித்தொகை குறையும் என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் விசாரணைக்கே ஏற்கவில்லை. உதவித்தொகைக்கு நிபந்தனை வைப்பது கட்டாய உழைப்பு ஆகாது என்றது. ஜெர்மனியிலேயே 2005 முதல் வேலையில்லாக் குடிமக்களுக்கும், உதவித்தொகையோடு மணிக்கு ஓரிரு யூரோ மட்டும் தரும் 'ஒரு யூரோ வேலை' என்ற ஏற்பாடு உண்டு.

ஆனால் அந்த டச்சுப் பெண்ணுக்கும் ஜெர்மன் குடிமகனுக்கும் வெளியே வேலைச் சந்தை திறந்திருந்தது. நிபந்தனை பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். தடையில் இருக்கும் தஞ்சம் கோருபவருக்கு அந்த வழி சட்டத்தால் மூடப்பட்டிருக்கிறது. மற்ற எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்தால், அதன் வழியே வருபவரைத் தானாக வந்தவர் என்று எப்படிச் சொல்வது?

தண்டனையின் அளவையும் பார்க்க வேண்டும். ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் 2019 நவம்பரில், வேலையில்லாதோர் உதவித்தொகையில் 30 சதவீதத்தைத் தாண்டிய வெட்டுகள் செல்லாது என்றது. உயிர் வாழத் தேவையான குறைந்தபட்சத்தை அரசு எளிதில் பறிக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. 2024இல் தஞ்சம் கோரிய தனி நபர் ஒருவருக்கான முழு மாதத் தொகை 460 யூரோ. அதில் 180 போனால் 39 சதவீதம். வேலையை மறுத்தவருக்குச் சட்டம் விட்டுவைப்பது உணவு, இருப்பிடம், வெப்பமூட்டல், உடல் சுத்தம், மருத்துவம் ஆகியவை மட்டுமே. தொலைபேசி, பேருந்து, வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் செலவு எல்லாம் வெட்டுப்படும் பகுதியில் இருப்பவை. அதே நீதிமன்றம் 2012 ஜூலை 18இல், 1993 முதல் உயர்த்தப்படாமலே கிடந்த தஞ்ச உதவித்தொகை மனித மாண்புக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தபோது, குடியேற்றக் கொள்கைக்காக மனித மாண்பைக் குறைத்து மதிப்பிட முடியாது என்று சொல்லியிருந்தது. அந்த வரியோடு 39 சதவீத வெட்டு எப்படி ஒத்துப்போகும் என்று எனக்குப் புரியவில்லை.

கட்டாயம் என்றால் என்ன என்பதை நம் பக்கத்து நீதிமன்றம் ஒன்று இன்னும் ஆழமாக யோசித்திருக்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் இந்திய உச்ச நீதிமன்றம், நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பில், பசியும் வறுமையும் விரட்டுவதும் கட்டாயமே என்றது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்தால், அதை அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பாகவே கொள்ள வேண்டும் என்றது. ஜெர்மனியை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தால் 80 சென்ட் எங்கே நிற்கும் என்பது தெரியும்.

ஆதரிப்பவர்கள் சொல்வது

இந்த வேலையை ஆதரிப்பவர்கள் எல்லோரும் வெறுப்பில் பேசுபவர்கள் இல்லை. நாள் முழுக்க முகாம் அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது மனிதரைச் சிதைக்கும், காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டும், உள்ளூர்க்காரர்களோடு பழக்கம் வரும் என்கிறார்கள். உண்மை. முகாமில் இருக்கும் பலரே இதைச் சொல்வார்கள். 80 சென்ட் உதவித்தொகைக்கு மேல் கிடைப்பதுதானே என்றும் கேட்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் உதவித்தொகை என்பது உயிர் வாழ்வதற்கான குறைந்தபட்சம். அது ஒருவர் மனிதராக இருப்பதற்காகத் தரப்படுவது, முன்கூட்டியே கொடுத்த சம்பளம் இல்லை.

சும்மா கிடப்பதுதான் நோய் என்றால் அதற்கு மருந்து வேலைத் தடையை எடுப்பது. மொழி வகுப்பில் இடம் கொடுப்பது. அனுமதிக் கடிதத்தை மாதக்கணக்கில் இழுக்காமல் இருப்பது. புதர் வெட்டும் வேலையை நகராட்சி குறைந்தபட்சக் கூலிக்குக் கொடுத்தாலும் காலையில் எழுந்து போக ஓர் இடம் கிடைக்கும், அண்டை அயலார் பழக்கமும் கிடைக்கும். கூடவே வரியும் சந்தாவும் அரசுக்கு வரும்.

ஜெர்மனி மட்டும் இப்படி இல்லை. பிரிட்டனில் தஞ்சம் கோருபவர் பொதுவாக வேலை செய்ய முடியாது. முடிவு ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானால் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும் அனுமதி கேட்கலாம். அதே பிரிட்டனின் குடிவரவுத் தடுப்பு மையங்களுக்குள்ளே சமையல், துப்புரவு வேலைக்கு மணிக்கு ஒரு பவுண்டு கொடுத்தார்கள். அமெரிக்காவின் தடுப்பு மையங்களில் அது ஒரு நாளைக்கு ஒரு டாலர். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் ஜியோ குழுமம் என்ற தனியார் நிறுவனம் நடத்தும் மையத்தில் இப்படி வேலை வாங்கியது நீதிமன்றத்துக்குப் போனது. அவர்களும் தொழிலாளர்களே, மாநிலக் குறைந்தபட்சக் கூலி கொடுத்திருக்க வேண்டும் என்று 2021இல் ஜூரி முடிவு செய்து, 1 கோடியே 73 லட்சம் டாலர் கூலி பாக்கி தரச் சொன்னது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே திருப்புமுனையாக இருந்தது ஒரே கேள்விதான்: இவர்கள் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர்களா? ஜெர்மன் சட்டம் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே 'இல்லை' என்று எழுதி வைத்துவிட்டதால்தான் அங்கே போராட்டம் கடினமாக இருக்கிறது.

கையில் கடிதம் வந்தால்

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் சில நடைமுறைத் தகவல்கள்.

80 சென்ட் வேலையும் அனுமதி பெற்றுப் போகும் உண்மையான வேலையும் வேறு வேறு. வேலை அனுமதியோடு உணவகத்திலோ கிடங்கிலோ சேர்ந்தவருக்கு, தஞ்ச வழக்கு எந்த நிலையில் இருந்தாலும், குறைந்தபட்சக் கூலி, விடுப்பு, நோய்க்கால ஊதியம் எல்லாம் உண்டு. தொழிற்சங்கத்தில் சேரலாம். முதலாளி சம்பளம் தராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம், முதல் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போட முடியும். வேலை செய்த நாள், நேரத்தை அன்றன்றே எழுதி வைத்திருந்தால் அது பெரிய பலம். 'ஃபையரே இன்டெக்ராட்சியோன்' என்ற ஆலோசனை வலையமைப்பு எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. அகதிகளின் வேலை உரிமைக்கு இலவசமாக ஆலோசனை தருகிறார்கள்.

80 சென்ட் வேலைக்கு அழைப்பு வந்தால் காரணமில்லாமல் போகாமல் இருந்துவிடாதீர்கள், வெட்டு அதில்தான் தொடங்கும். நியாயமான காரணம் இருந்தால் கடமை இல்லை என்று சட்டமே சொல்கிறது. நோய், சிறு குழந்தையைப் பார்க்கும் பொறுப்பு, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வேலை, தொழிற்பயிற்சி, படிப்பு ஆகியவை அந்த வகை. காரணத்தை எழுத்தில், சான்றோடு கொடுங்கள்.

உதவித்தொகையை வெட்டி உத்தரவு வந்தால் வழக்கமாக ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். ஆனால் ஆட்சேபம் கொடுத்ததனால் மட்டும் வெட்டு நிற்காது. அதை நிறுத்த சமூக நீதிமன்றத்தில் தனியாக அவசர மனு போட வேண்டும். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை, மனுவை நேரில் போய்ச் சொல்லியும் எழுதிவைக்கச் சொல்லலாம். உத்தரவு மஞ்சள் உறையில் வந்திருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால்காரர் அதன் மேல் எழுதிய தேதியிலிருந்துதான் கெடு எண்ணப்படும்.